மாப்பிள்ளையின் இன்ஜினைக் கழுவியவள்

பட்டறையில் அவளுக்குப் பெயர் சோப்பு. முகத்துக்கு நேரே "சோப்பக்கா". முதுகுக்குப் பின்னால் வெறும் "சோப்பு". விரலில் வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு அவள் நெருங்கி வரும்போது மட்டும் "அக்கா, அக்கா, ஒரு நிமிஷம்க்கா." மூன்றுக்கும் அவள் ஒரே மாதிரிதான் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வையில் பால் திரிந்துவிடும் என்பார்கள். அவளுக்குப் பால் பிடிக்காது, ஆகவே நஷ்டம் ஒன்றுமில்லை.

பழைய கார் இன்ஜின்களின் பிளாக்கைக் கழுவுவது அவள் வேலை. பிஸ்டன், கிராங்க் என்று எல்லாவற்றையும் கழற்றி எடுத்த பிறகு மிஞ்சுகிற இரும்புக் கூடுதான் பிளாக். வெளியே பார்த்தால் யானையே மிதித்தாலும் அசையாது போலிருக்கும். உள்ளே முழுக்க ஓட்டை, நம்மில் பல பெரிய மனிதர்களைப் போல. எண்ணெய் ஓட ஒரு வழி, தண்ணீர் ஓட ஒரு வழி, ஒன்றிலிருந்து ஒன்று பிரிகிற சந்துபொந்துகள். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து, சாணைக் கல் போட்டு உரசி மெருகேற்றும்போது உதிர்கிற கல் தூள் நேராக இந்தப் பொந்துகளில்தான் போய்க் குடியேறும். மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்தால் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும். ஆனால் மண்ணெண்ணெய் பிசுக்கை மட்டும் கூட்டிக்கொண்டு போய்விடும். தூளை அங்கேயே விட்டுவிடும், விருந்துக்கு வந்தவர்கள் பிள்ளைகளை மட்டும் விட்டுவிட்டுப் போன மாதிரி. அப்புறம் அந்தத் தூள் எண்ணெயோடு பேரிங்குக்கு ஊர்வலம் போகும். இன்ஜின் கொஞ்ச காலம் பாடும், பிறகு இருமும், பிறகு ஒருநாள் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடும்.

இதற்கு மருந்து ஒன்றுதான். கொதிக்கிற தண்ணீர், சோப்புத் தூள், நீளக் காம்பு வைத்த பிரஷ், கூடவே அவளுடைய வெறி. அடைப்புத் திருகுகளை எல்லாம் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் பிரஷை விட்டுக் குடைந்து, அலசி, காற்றடித்து, ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவிவிடுவாள். இல்லாவிட்டால் நனைந்த இரும்பு கண்ணெதிரிலேயே துருவேறிவிடும்.

எண்ணெய் தடவுவதற்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. இன்ஜினுக்கு உரியவரைக் கூப்பிட்டு நிறுத்தி, அவர் பார்க்க, வெள்ளைத் துணியை விரலில் சுற்றிச் சிலிண்டருக்குள் விட்டுத் தேய்த்துக் காட்டுவாள். கம்பியில் துணியைக் கட்டி எண்ணெய் வழியில் இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் இழுப்பாள். துணி வெள்ளையாகவே வந்தால்தான் பிளாக் ஃபிட்டரின் மேசைக்கு ஏறும். இன்ஜினைப் பூட்டிய பிறகு பிரம்மாவே வந்தாலும் உள்ளே எட்டிப் பார்க்க முடியாதே, அதற்காக முதலாளி கொண்டுவந்த வழக்கம். முதலாளி அவளுடைய அண்ணன்.

அந்தத் துணியை அவள் பிளாக்கோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதுதான் பட்டறையின் தலைவிதி. ஃபிட்டர்களின் நகக்கண்ணில் தேய்ப்பாள். சாப்பாட்டு டப்பாவின் மூடி விளிம்பில் தேய்ப்பாள். எதையும் சொல்லமாட்டாள். கறுத்த துணியைத் தூக்கி எல்லாருக்கும் காட்டுவாள், அவ்வளவுதான். பக்கத்து வெல்டிங் கடைக்காரர் நல்ல மனிதர், மனைவியை இழந்தவர். ஒருநாள் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு வந்து, "எத்தனை காலத்துக்குத் தனியா இருப்பீங்க?" என்று தொடங்கினார். முடிக்கவில்லை. அவர் பின்கழுத்தில் துணியை ஒரு இழுப்பு இழுத்து, வாசலில் நின்றவர்கள் எல்லாரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தாள். அன்றிலிருந்து அவர் எதிர்ச் சாரியில்தான் நடக்கிறார்.

அவளுக்கும் ஒரு காலத்தில் வீடு, அடுப்பு, புருஷன் எல்லாம் இருந்தது. புருஷனுக்கு வாடகைக் கார் ஓட்டுகிற தொழில். கல்யாணமான புதிதில் மற்ற புருஷன்மார்கள் பெண்டாட்டிக்கு இனிப்பு வாங்கி வந்தார்கள். இவன் விரலைக் கொண்டுவந்தான். உள்ளே நுழைந்ததும் ஜன்னல் கம்பி, அலமாரியின் மேல் தட்டு, அடுப்புக்குப் பின்பக்கம் என்று ஆள்காட்டி விரலை ஓட்டுவான். விரலை அவள் முகத்துக்கு நேரே நீட்டுவான்.

"இது என்ன?"

"தூசி."

"யார் வீட்டுத் தூசி?"

"நம்ம வீட்டு..."

"என் வீட்டுல தூசி கிடையாது. இது உன் தூசி. இந்தா, வெச்சுக்கோ."

வைத்துக்கொள் என்றால் கையில் கொடுப்பதில்லை. கன்னத்தில் துடைப்பான். விருந்தாளிகள் இருந்தாலும் துடைப்பான். அவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தண்ணீர் கேட்பார்கள். ஒருநாள் சட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "சுத்தமான இடமாப் பாத்துப் போறேன்" என்று போய்விட்டான். போன இடம் ஒரு தையல் கடைக்காரி வீடு. அவளுக்குச் சொந்தமாக ஒரு கார் இருந்தது.

அண்ணன் தங்கையைக் கூட்டிவந்து கண்கலங்கினான். பட்டறையில் பிளாக் கழுவுகிற ஆள் சரியாக அந்த வாரம்தான் வேலையை விட்டு ஓடியிருந்தான். "வீட்டுல சும்மா உக்காந்திருந்தா மனசு கண்டதையும் நினைக்கும்மா. பட்டறைக்கு வந்து ரெண்டு பிளாக்கைத் தேயேன்" என்றான். பாசமும் ஆள் பற்றாக்குறையும் ஒரே மூச்சில் தீர்ந்தன.

வருடங்கள் ஓடின. ஒரு காலை வேளை, குட்டி லாரியிலிருந்து ஒரு இன்ஜினைக் கயிறு கட்டி இறக்கினார்கள். கார்களை உடைத்துவிற்கிற கடையில் வாங்கிய பழைய இன்ஜின். எந்த விபத்திலோ தப்பித்தது. அதன் பின்னாலேயே முன் ஸீட்டிலிருந்து இறங்கியவன் அவள் புருஷன். பக்கத்தில் தையல் கடைக்காரி.

"அடடே, வாங்க மாப்பிள்ளை!" என்றான் அண்ணன். அந்த 'மாப்பிள்ளை'யில் இருந்த மரியாதையை வைத்து ஒரு கொலை செய்யலாம்.

மாப்பிள்ளை இன்ஜினைப் பார்த்துக்கொண்டே பேசினான். "மச்சான், நான் வேற கடைக்குத்தான் போகலாம்னு சொன்னேன். இவதான்..."

"நான்தான் சொன்னேன்," என்றாள் தையல் கடைக்காரி. ஒல்லி, குரல் மட்டும் கனம். "இங்கதான் துணி போட்டுக் காட்டறாங்கன்னு ஊர்ல எல்லாரும் சொல்றாங்க. உறவுமுறை எல்லாம் எனக்கு வேண்டாம். எனக்கு வண்டி ஓடணும். போன இன்ஜினை இவர் ஆயில் மாத்தாமலே ஓட்டிக் கொன்னுட்டார். இதான் கடைசி. இதுவும் போச்சுன்னா இவரும் போகவேண்டியதுதான். வீட்டுல வெச்சுச் சோறு போட நான் என்ன சத்திரமா நடத்தறேன்?"

நடு முற்றத்தில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். மாப்பிள்ளை சிரிக்க முயன்றான். அப்போதுதான் கழுவுகிற கொட்டகையிலிருந்து, முழங்கை வரை நுரையோடு, அவள் வெளியே வந்தாள். அவள் அண்ணன் வீட்டுச் சமையலறையில் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தவன், வாயில் இருந்த சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றான்.

"இவங்கதான் கழுவுவாங்களா?" என்றாள் தையல் கடைக்காரி.

"இவதான்," என்றான் அண்ணன், மிகுந்த சந்தோஷத்தோடு.

பட்டறையில் அன்று வேலையே நடக்கவில்லை. கழற்றுகிறவன் கழற்றவில்லை, கடைகிறவன் கடையவில்லை. தலைமை ஃபிட்டருக்கு ஓட்டைவாய் என்று பெயர். அவனுக்குத் தெரிந்த ரகசியம் மதியச் சாப்பாட்டுக்குள் அடுத்த தெருவுக்குப் போய்விடும். அவன் கொட்டகை வாசலில் குந்திக்கொண்டு உபதேசம் செய்தான்.

"அக்கா, நீளவாக்குல போகுது பாரு, பெரிய எண்ணெய் வழி, அதுல மட்டும் பிரஷ் விடாதே. நீ எதுவும் செய்யவேண்டாம். செய்யாம இருந்தாப் போதும். உலகத்துலயே இவ்வளவு சுலபமா ஒரு ஆளை யாரும் தீர்த்துக்கட்டினதில்ல."

"உன் வேலையைப் பாரு."

"எனக்காகவா சொல்றேன்? அவன் உன் கன்னத்துல..."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஓட்டைவாய் வாய் மூடிய அபூர்வமான தருணம் அது.

அண்ணன் தன் பங்குக்கு வந்து நின்றான். கொட்டகைக் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நான் ஒண்ணும் சொல்லமாட்டேம்மா. கடைப் பேரும் முக்கியம்தான். ஆனா பழைய இன்ஜின், உத்தரவாதம் கிடையாதுன்னு அந்தம்மாகிட்ட வாயால சொல்லிட்டேன். உனக்கு எது மனசுக்குப் படுதோ, செய்." கூரைக்கு இவ்வளவு நல்ல அறிவுரை அதற்கு முன் கிடைத்ததில்லை.

சிலிண்டரைக் கடைந்து முடித்ததும் பிளாக் அவளிடம் வந்தது. பழிவாங்க வேண்டும் என்று அவள் மனதார முடிவு செய்திருந்தாள். இதில் ஒளிவுமறைவு இல்லை. பெரிய எண்ணெய் வழியை விட்டுவிட்டு மீதியைக் கழுவினாள். சிலிண்டர் ஒவ்வொன்றையும் நுரை வெளுக்கும் வரை தேய்த்தாள். தண்ணீர் வழிகளைக் குடைந்தாள். போல்ட் ஓட்டைகளையும் விடவில்லை. அப்புறம் பிரஷைக் கீழே வைத்துவிட்டு டீ குடித்தாள். அந்த ஓட்டை அவளைப் பார்த்தது. அவள் அதைப் பார்த்தாள். டம்ளரைக் கழுவினாள். கழுவிய டம்ளரை மறுபடி கழுவினாள். ஏற்கெனவே கூட்டிய கொட்டகையைக் கூட்டினாள்.

பிரஷ் எப்போது கைக்கு வந்தது என்று அவளுக்கே தெரியாது. கை பாட்டுக்கு அதை எண்ணெய் வழிக்குள் விட்டு ஆட்டிக்கொண்டிருந்தது. கரிய தண்ணீர் கொழகொழவென்று வெளியே வந்தது.

"உனக்கு ரோஷம் இருக்கா?" என்று கையைப் பார்த்து வாய்விட்டுக் கேட்டாள். "யாருக்குக் கழுவற நீ?"

கைக்கு ரோஷம் இல்லை. கைக்கு அழுக்கு மட்டும்தான் தெரியும், அழுக்கின் சொந்தக்காரனைத் தெரியாது. தண்ணீர் தெளியும் வரை அது ஓயவில்லை. அலசினாள், காற்றடித்தாள். யாரும் இல்லாத கொட்டகையில், கம்பியில் வெள்ளைத் துணியைக் கட்டி எண்ணெய் வழியில் இழுத்துப் பார்த்தாள். துணி, கடையில் வாங்கியபோது இருந்ததைவிட வெள்ளையாக வந்தது.

அந்த வெள்ளையை அவள் பார்த்த பார்வையில் அவ்வளவு அருவருப்பு. ஒரு கறை, ஒரு புள்ளி, ஒன்றுமில்லை. ஆயுசுக்கும் ஓடும் இன்ஜின். அந்த இன்ஜின் ஓடும் வரை அவனுக்கு வீடும் உண்டு, சோறும் உண்டு. எல்லாம் அவள் கையால். சட்டென்று துணியைச் சுருட்டி, தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்த அடுப்புக்குள் வீசினாள். குற்றம் செய்தவர்கள்தான் சாட்சியத்தை எரிப்பார்கள். நல்லதைச் செய்துவிட்டுச் சாட்சியத்தை எரித்தவள் அநேகமாக அவள் ஒருத்திதான்.

எண்ணெய் தடவிவிட்டு ஓட்டைவாயைக் கூப்பிட்டாள். "ஏத்து மேசையில. இன்னிக்கே பூட்டிடு."

"மாப்பிள்ளையைக் கூப்பிட்டுத் துணி காட்டலியா?"

"நீ ஃபிட்டரா, கல்யாணத் தரகனா? பூட்டுன்னா பூட்டு."

ஓட்டைவாயின் கண்கள் விரிந்தன. "அக்கா! விட்டுட்டியா? அந்த ஓட்டையை விட்டுட்டியா?"

அவள் சிரித்தாள். ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. அந்தச் சிரிப்பை ஓட்டைவாய் அன்று மாலைக்குள் தெரு முழுக்க விநியோகித்தான்.

மாப்பிள்ளை மூச்சிரைக்க ஓடிவந்தபோது இன்ஜின் மூடி முறுக்கியாகிவிட்டது.

"துணி எங்க? எனக்கு ஏன் துணி காட்டல?"

அவள் அவனிடம் பேசவில்லை. ஓட்டைவாயிடம் திரும்பி, "அவர்கிட்ட சொல்லு, துணி அடுப்புல போச்சுன்னு" என்றாள்.

"துணி அடுப்புல போச்சாம், மாப்பிள்ளை," என்றான் ஓட்டைவாய், செய்தி வாசிப்பவனின் நிதானத்தோடு.

"எதுக்கு எரிச்சா?"

"எதுக்கு எரிச்சேன்னு கேக்கறாருக்கா."

அவள் அடுத்த பிளாக்கைத் தேய்க்கத் தொடங்கியிருந்தாள்.

"மச்சான், கழற்றிக் காட்டச் சொல்லுங்க."

"தாராளமா," என்றான் அண்ணன். "ஆனா மறுபடி முதல்லேர்ந்து எல்லாக் கூலியும் ஆகும். அம்மாவைக் கேளுங்க."

தையல் கடைக்காரி ஒரே கேள்விதான் கேட்டாள். "ஓடுமா?"

"ஓடும்."

"அப்ப மாட்டுங்க. இவருக்கு வேற வேலை என்ன, எதையாவது நோண்டிக்கிட்டே இருப்பார்."

இன்ஜின் ஓடியது. அந்த ஓட்டத்தைச் சொல்ல வேண்டும். தூங்குகிற குழந்தை மூச்சு விடுகிற மாதிரி ஓடியது. வேறு எந்த டிரைவராக இருந்தாலும் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பான். மாப்பிள்ளையோ அதில் சத்தம் தேடினான். சத்தம் வந்தால் இன்ன சத்தம் என்று பயப்படலாம். வராத சத்தத்துக்கு எப்படிப் பயப்படுவது? அதையும் கற்றுக்கொண்டான். சிக்னலில் நின்றால் காது கொடுப்பான். பாட்டுப் போடச் சொல்லாதீர்கள் என்று சவாரி வந்தவர்களைக் கெஞ்சுவான். அவர்கள் பேசினால் "கொஞ்சம் சும்மா இருங்க" என்பான். அடிக்கடி ஓரம் கட்டி, மூடியைத் தூக்கி, ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவி, விரலில் எண்ணெயைத் தொட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பான். ரயிலைப் பிடிக்கப் போன ஒரு பெரியவர் பின்ஸீட்டிலிருந்து கேட்டார்: "ஏம்ப்பா, வண்டிக்கு நாடி பாக்கறியா? என் நாடி நிக்கறதுக்குள்ள ஸ்டேஷனுக்குப் போயிடுவியா?"

சவாரிகள் குறைந்தன. தையல் கடைக்காரியின் குரல் இன்னும் கனத்தது. "வண்டி நல்லாத்தானே ஓடுது? சவாரி ஏன் குறையுது?" அவனால் என்ன சொல்ல முடியும்? வண்டி நன்றாக ஓடுவதுதான் பிரச்சினை என்றா?

பட்டறைக்கு வந்தான். முதல்முறை மிரட்டினான். அண்ணன் டீ வரவழைத்துக் கொடுத்தான். அடுத்தமுறை சட்டம் பேசினான். மறுபடியும் டீ. அப்புறம் ஒரு மதியம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரம், கொட்டகைக்குள் தனியாக வந்து நின்றான். இளைத்திருந்தான். சட்டைக் காலர் கறுத்திருந்தது. ஒரு காலத்தில் அந்தக் காலருக்காக அவள் எத்தனை பாட்டு வாங்கியிருக்கிறாள்.

"ஒரே ஒரு வார்த்தை சொல்லு. கழுவினியா, இல்லியா?"

பிரஷ் சத்தம் மட்டும் கேட்டது.

"இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடு. நான் கோவிச்சுக்கமாட்டேன். கழற்றிக் கழுவிக்கறேன். தெரியாம இருக்கறதுதான் முடியல. அந்த இன்ஜின் போச்சுன்னா அவ என்னைத் தெருவுல விட்டுடுவா. எனக்குப் போக வேற இடமில்ல."

பிரஷ் நிற்கவில்லை.

"நான் உனக்குப் பண்ணினது தப்புதான்."

பிரஷ் நின்றது. "எது?"

"அதான்... அந்த... விரல்..."

"எந்த விரல்? காட்டுங்க."

அவன் ஆள்காட்டி விரலை நீட்டினான். வரும் வழியிலும் ஆயில் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். நகக்கண் வரை கறுப்பு. அவள் குனிந்து, வைத்தியர் மாதிரி, நிதானமாக அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவன் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. மன்னிப்பு வரப்போகிறது என்று நினைத்துவிட்டான் பாவம்.

"அழுக்கா இருக்கு," என்று சொல்லிவிட்டுப் பிளாக் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

'சுத்தமா இருக்கு' என்று ஒரு வார்த்தை. உண்மையைத்தான் சொல்லப்போகிறாள், பொய்கூட இல்லை. சொன்னால் அவன் வாழ்ந்துவிட்டுப் போயிருப்பான். அதனால்தான் சொல்லவில்லை.

ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு மெக்கானிக் இருந்தான். கடைக்கு மூன்று பக்கம் தகரம், நான்காவது பக்கம் திறந்த வெளி. திறந்த பக்கத்தை ஒட்டித் தரைக்குப் போடுகிற கல் பலகைகளை அறுக்கிற இடம். நாள் முழுக்க அறுவை இயந்திரம் கத்தும். அந்த வட்டாரத்தில் மரம், நாய், மனிதன் என்று எல்லாமே மாவில் புரட்டி எடுத்த மாதிரி வெளுத்திருக்கும். தையல் கடைக்காரிக்குத் தெரியாமல் மாப்பிள்ளை வண்டியை அங்கே கொண்டுபோனான்.

மெக்கானிக் இன்ஜினை ஓடவிட்டுக் கேட்டான். "அருமையா இருக்கே. இதை எதுக்குத் திறக்கணும்?"

"உள்ள ஒண்ணு இருக்கு."

"என்ன இருக்கு?"

"என் பொண்டாட்டி."

பைத்தியக்காரன் என்றால் கூலியை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும் என்று மெக்கானிக்குக்குத் தெரியும். வாங்கினான், இறக்கினான், திறந்தான். பேரிங்கில் ஒரு கீறல் இல்லை. கிராங்க் கண்ணாடியாக மின்னியது. "பாருங்க, ஒண்ணுமே இல்ல" என்றான்.

"இன்னும் வெளிய வரல. பதுங்கியிருக்கு. அந்தப் பெரிய எண்ணெய் வழியைத் திற."

திறந்தான். மாப்பிள்ளை தானே மண்ணெண்ணெயை ஊற்றினான். அந்தப் பக்கம் தெளிவாகவே வந்தது. அதுவும் அவனுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. மறுபடி ஊற்றினான். குழாய் மாதிரித் திறந்து கிடந்த பிளாக்கைப் பலகையில் காயவைத்துவிட்டு இருவரும் டீ குடிக்கப் போனார்கள். பக்கத்தில் அறுவை இயந்திரம் கத்திக்கொண்டிருந்தது. காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று யாரும் பார்க்கவில்லை. திரும்பி வந்து, மேலாக ஒரு பழந்துணியால் துடைத்து, பூட்டி, மாட்டினார்கள்.

மாப்பிள்ளை அன்று பாட்டுப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினான். எத்தனையோ காலத்துக்குப் பிறகு சிக்னலில் நிற்கும்போது காது கொடுக்கவில்லை. சவாரிக்காரர்களிடம் அரசியல் பேசினான். தையல் கடைக்காரிக்கு இனிப்பு வாங்கிப் போனான். "என்ன, புதுசா இருக்கு?" என்று அவள்கூடச் சிரித்தாள்.

சொறிந்த இடம் புண்ணாக நாளாகவில்லை. தையல் கடைக்காரியை அவளுடைய தங்கை வீட்டுக்குக் கூட்டிப்போகிற வழியில், மேட்டில் ஏறும்போது, இன்ஜின் ஒரு முனகல் முனகியது. அப்புறம் இரும்பும் இரும்பும் உரசுகிற ஒரு ஓலம். அப்புறம் ஒன்றுமில்லை. பின்னால் வந்த லாரிக்காரன் இருவரின் தாயார்களையும் நலம் விசாரித்துவிட்டுப் போனான்.

பட்டறைக்குக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். தையல் கடைக்காரி முன்னால் வந்தாள், கண் சிவந்து. மாப்பிள்ளை பின்னால் வந்தான், விநோதமான ஒரு நிம்மதியோடு. கடைசியில் அவன் பயந்தது நடந்துவிட்டது. குற்றவாளி யாரென்றும் தெரிந்துவிட்டது.

"எல்லாரும் வாங்க! வந்து பாருங்க! இவ கழுவாம விட்டா! என் பொழப்பைக் கெடுக்கணும்னே விட்டா! இந்தத் தெரு முழுக்கத் தெரியும்!"

தெரு முழுக்கத் தெரிந்ததற்குக் காரணமானவன் தலையைக் குனிந்துகொண்டு ஸ்பானரை எடுத்தான். இன்ஜின் இறங்கியது. அடித்தட்டைக் கழற்றினான். எண்ணெயோடு குழைந்து, சுண்ணாம்பைக் கரைத்த மாதிரி ஒரு சேறு வழிந்தது. பேரிங்குகளை எலி கடித்த மாதிரி இருந்தது.

அவள் வந்து குனிந்தாள். சேற்றில் விரலைத் தொட்டு, இரண்டு விரல்களுக்கு நடுவில் நசுக்கிப் பார்த்தாள்.

"அண்ணா, நம்ம சாணைக்கல் தூள் கரியா இருக்கும். இது வெள்ளை. இது அறுத்த கல்லு." முதல்முறையாக நேராக அவன் முகத்தைப் பார்த்தாள். "எங்க திறந்தீங்க?"

ஓட்டைவாய் ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"திறந்தீங்களா?" என்றாள் தையல் கடைக்காரி.

"இல்ல... சும்மா பாத்துடலாம்னு..."

"எனக்குத் தெரியாம? நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டியை?"

மாப்பிள்ளைக்கு இன்னும் ஒரு கயிறு மிச்சமிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டான். கட்டிய மனைவி பக்கம் திரும்பினான். "நீ அன்னிக்கே சொல்லியிருந்தா நான் ஏன் திறக்கப்போறேன்? நீ கழுவலதானே? அதனாலதான் திறந்தேன். எல்லார் முன்னாலயும் சொல்லு. கழுவலதானே?"

ஒரு 'ஆமாம்' போதும். அவள் 'கழுவல' என்று சொன்னால் அவன் திறந்தது நியாயம் ஆகிவிடும். தையல் கடைக்காரியின் கோபம் பட்டறை மேல் திரும்பும். அவனுக்கு வீடு மிஞ்சும். அது அவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஓட்டைவாய்க்குக்கூடத் தெரியும், அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை. கல்யாணமான புதிதில் பேசிய மாதிரி, அவ்வளவு மரியாதையாக, அவ்வளவு மென்மையாகச் சொன்னாள்.

"கழுவினேங்க. பெரிய எண்ணெய் வழியிலகூட பிரஷ் விட்டேன். துணியும் இழுத்துப் பாத்தேன், பால் மாதிரி வந்துச்சு. இந்தப் பட்டறையிலேர்ந்து அவ்வளவு சுத்தமா ஒரு பிளாக் போனதே இல்லங்க. நீங்க மட்டும் தொடாம இருந்திருந்தா, உங்க ஆயுசுக்கும் ஓடியிருக்கும்."

அவன் பிளாக்கின் மேல் உட்கார்ந்தான்.

"அப்ப ஏண்டி அன்னிக்குச் சொல்லல?" என்று அண்ணன்தான் கேட்டான்.

"அன்னிக்குச் சொன்னா அவருக்கு நல்லதுண்ணா."

தையல் கடைக்காரி அவள் பக்கம் திரும்பினாள். திட்டப்போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் காரிலிருந்து தன் கைப்பையையும் குடையையும் எடுத்துக்கொண்டாள். "வண்டியை வித்துக் கொடுத்துடுங்க," என்று அண்ணனிடம் சொன்னாள். பிறகு சோப்பக்காவிடம் மாப்பிள்ளையைக் காட்டி, "இவரை நீங்களே வெச்சுக்கறீங்களாக்கா?" என்று கேட்டாள்.

"எனக்கெதுக்கு?" என்றாள் அவள். "இங்க இடமில்ல."

"சரி. பஸ் எந்தப் பக்கம் நிக்கும்?"

அவள் வாசல் வரை கூடவே போய்க் கை நீட்டிக் காட்டினாள். இரண்டு பெண்களும் அங்கே நின்று ஏதோ பேசினார்கள். ஒருத்தி தலையாட்டினாள். பஸ் வந்தது, ஒருத்தி ஏறிப் போனாள், மற்றவள் கொட்டகைக்குத் திரும்பினாள். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, வேறு யாருடைய பிளாக்கோ காத்திருந்தது.

மாப்பிள்ளை, கழற்றிப்போட்ட பிளாக்கின் மேல் உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றிப் பட்டறை மறுபடி வேலையைத் தொடங்கியது. யாரும் அவனை விரட்டவில்லை. வழியில் இருந்த ஒரு ஸ்டூலைச் சுற்றிப் போவது போல அவனைச் சுற்றிப் போனார்கள். வெயில் சாய்கிற நேரத்தில் வாசலில் பழைய இரும்பு வாங்குகிறவனின் வண்டி மணி அடித்தது. ஓட்டைவாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மிகவும் பணிவாகக் குனிந்தான்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா? எடை போடணும்."